பூனையின் நிமோனியாவுக்கு வீட்டில் நெபுலைசர்: 18 நாள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

கடந்த தை மாதம் எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு நுரையீரலில் பாக்டீரியாத் தொற்று, அதாவது நிமோனியா, ஏற்பட்டது. இரண்டு இரவுகள் மருத்துவமனையின் ஆக்சிஜன் கூண்டில் இருந்துவிட்டு அது வீடு திரும்பிய நாளில், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரையின் பெயருக்குக் கீழே ‘நெபுலைசர், வெறும் சலைன், காலை மாலை’ என்று ஒரு வரி இருந்தது. சலைன் என்பது கிருமி நீக்கிய உப்பு நீர்; அதை மூச்சோடு உள்ளே போகும் நுண்துளிகளாக்கும் கருவிதான் நெபுலைசர். அன்று மாலையே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மருந்துக் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து ஒரு கம்ப்ரஸர் நெபுலைசரை வாங்கினேன். 18 நாட்களில் 34 முறை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். வாங்குவதற்கு முன் தமிழில் இதைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது குழந்தைகளின் இளைப்பு பற்றிய குறிப்புகளே கிடைத்தன. பூனை வைத்திருப்பவருக்கு வேண்டிய எதுவும் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த மதிப்பீட்டைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன் நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்த நோய்க்கு, எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல் இதை வாங்குவது பணத்தை மட்டுமல்ல, பூனையின் உயிரையும் இழக்கச் செய்யும்.

மிளகுக்கு வயது நான்கு, எடை 3.6 கிலோ. நோய்க்குக் காரணம் நான்தான். பூச்சி மருந்து சிரப்பை ஊற்றும்போது, குழந்தைக்குப் பாலாடையில் மருந்து புகட்டுவது போலத் தலையை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்து, சிரிஞ்சில் இருந்த 2 மி.லி.யையும் ஒரே அழுத்தில் செலுத்திவிட்டேன். அது திணறியது, இரண்டு முறை தும்மியது, பிறகு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. புரையேறிவிட்டது, சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சோற்றையும் மீனையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. படுத்துச் சுருளாமல், முன்னங்கால்களின் முட்டியை விலாவிலிருந்து அகற்றி வைத்து, கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருந்தது. இருமல் இல்லை. உடல் வெப்பம் 101.8 பாரன்ஹீட், பூனைக்கு 100.5 முதல் 102.5 வரை இயல்பு என்பதால் அதைக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. மனிதருக்கு நிமோனியா என்றால் இருமலும் காய்ச்சலும் என்று நாம் பழகியிருக்கிறோம். பூனைகளில் இவ்விரண்டும் இல்லாமலே நுரையீரல் பாதி அடைத்துப் போயிருக்கலாம் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அன்று எங்களைக் காப்பாற்றியது மூச்சு எண்ணிக்கை. என் தங்கை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விலா ஏறி இறங்குவதை எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு 52. அமைதியாக ஓய்ந்திருக்கும் அல்லது தூங்கும் பூனைக்கு அது 30-ஐத் தாண்டக் கூடாது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாரித்தாலோ, எண்ணிக்கொண்டிருக்கவும் நேரமில்லை. உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் நடு மடல் (நடுப் பகுதி) வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவே காற்றுக் குழல்கள் மட்டும் கறுப்புக் கிளைகளாகத் தெரிந்தன. காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் சீழும் நீரும் நிறைந்திருப்பதன் அடையாளம் அது என்று மருத்துவர் விரலால் தொட்டுக் காட்டினார். உள்ளே போன மருந்து முதலில் திசுவைப் புண்ணாக்குகிறது. அந்தப் புண்ணில் வாயிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இறங்கிப் பெருகுகின்றன. பாஸ்டியூரெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலி, மைகோபிளாஸ்மா ஆகியவை பூனை நுரையீரலில் அடிக்கடி காணப்படுபவை. பல பூனைகள் நெருக்கமாக வாழும் இடங்களில், குறிப்பாகக் குட்டிகளுக்கு, போர்டடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா தனியாகவே நிமோனியாவை உண்டாக்கும். வைரஸ் சளி பிடித்து, அதன் பின்னால் பாக்டீரியா நுழைவதும் உண்டு. எது என்று உறுதி செய்ய மூச்சுக்குழலைக் கழுவி மாதிரி எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு மயக்க மருந்து தேவை. அன்றிருந்த மூச்சிரைப்பில் மயக்கம் கொடுப்பது ஆபத்து என்பதால், முதலில் ஆக்சிஜனும் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கும் கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம், குறையவில்லை என்றால் மாதிரி எடுப்போம் என்று மருத்துவர் முடிவு செய்தார். மறுநாள் மாலை எண்ணிக்கை 40-க்கு இறங்கியது. மாதிரி எடுக்கும் தேவை வரவில்லை.

இனி கருவி. இதற்குள் இருப்பது ஒரு சிறு காற்று பம்பு மட்டுமே. அது காற்றை ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக ஒரு சிறு கிண்ணத்துக்குள் வேகமாகச் செலுத்துகிறது. கிண்ணத்தில் ஊற்றிய சலைன் நுண்துளிகளாகச் சிதறி வெண்புகை போல வெளியேறுகிறது. அந்தத் துளிகளில் பெரும்பாலானவை 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குள் இருக்கின்றன என்பதுதான் இதன் முழு மதிப்பும். அதைவிடப் பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ளவைதான் நுரையீரலின் அடிப்பகுதி வரை போய்ச் சேரும்.

எங்கள் அம்மா முதல் நாள் கேட்டதும் இதைத்தான்: ‘ஆவி பிடிக்கிறதுதானே, நொச்சி இலை போட்டு ஒரு அண்டாவில் வெந்நீர் வைத்தால் போதாதா?’ போதாது என்பதோடு, அது தீங்கும் கூட. வெந்நீர் ஆவி மூக்கோடு குளிர்ந்து நின்றுவிடுகிறது. கூடைக்குள் அடைபட்ட பூனைக்குச் சூடும் மூச்சுத் திணறலும்தான் மிஞ்சும். நெபுலைசரிலிருந்து வருவது ஆவி அல்ல, குளிர்ந்த நீர்த்துளி. கையை நீட்டிப் பார்த்தால் மார்கழிப் பனி படிவது போல இருக்கிறது. யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், நெஞ்சில் தடவும் சளித் தைலம் ஆகியவற்றில் ஒரு சொட்டுகூட இந்தக் கிண்ணத்திலோ பூனையின் அருகிலோ வரக் கூடாது. அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சாம்பிராணிப் புகையையும் கொசுவர்த்திச் சுருளையும் அந்த மாதம் முழுவதும் வீட்டில் நிறுத்தி வைத்தோம்.

பெட்டியில் பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என இரண்டு முகமூடிகள் இருக்கின்றன. குழந்தை முகமூடியும் பூனையின் முகத்துக்குப் பொருந்தவில்லை. மூக்கை மூடினால் கண்ணையும் சேர்த்து மூடுகிறது. மிளகு ஒரே நொடியில் அதைத் தட்டிவிட்டு அலமாரியின் மேல் ஏறிவிட்டது. மூச்சுக்குப் போராடும் ஒரு பூனையைத் துணியில் சுற்றி அமுக்கிப் பிடித்து முகமூடி மாட்டுவது அதன் நிலையை மோசமாக்கும் என்பதால், மருத்துவமனையில் செவிலியர் காட்டிய வழியையே பின்பற்றினேன். பூனையை அதன் பயணக் கூடைக்குள் விட்டு, கூடையின் மேல் ஒரு பழைய மழைக்கோட்டுத் துணியைப் போர்த்தி, கதவுப் பக்கம் மட்டும் கையளவு இடைவெளி விட்டு, அந்த இடைவெளிக்குள் முகமூடியோடு கிண்ணத்தை வைத்துவிட வேண்டும். கூடை மெல்ல மெல்லப் பனியால் நிறைகிறது. இப்படிச் செய்யும்போது மருந்தின் பெரும்பகுதி வீணாகும் என்பது உண்மை. ஆனால் உள்ளே போவது வெறும் 0.9 சதவீத சலைன்தான் என்பதால் வீணாவதில் இழப்பில்லை.

சத்தம்தான் இந்தக் கருவியின் பெரிய குறை. பெட்டியில் ‘அமைதியான இயக்கம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மனிதரின் காதுக்கு அது மிக்ஸி ஓடும் சத்தத்தில் பாதிகூட இல்லை. பூனையின் காதுக்கு அப்படியல்ல. முதல் முறை கூடைக்கு அருகிலேயே கருவியை வைத்து இயக்கியபோது மிளகின் கண்மணி விரிந்தது, மூச்சு எண்ணிக்கை 38-லிருந்து 50-க்குத் தாவியது; பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுநாள் ஒரு வழி தோன்றியது. காற்றுக் குழாய் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். கருவியைக் கூடத்தில் ஒரு தலையணையின் மேல் வைத்து, குழாயை மட்டும் கதவிடுக்கு வழியாக அறைக்குள் கொண்டுவந்தேன். கதவை முழுக்கச் சாத்தினால் குழாய் நசுங்கிப் புகை நின்றுவிடும் என்பதால் கீழே ஒரு மடித்த துண்டை வைத்தேன். சத்தம் தொலைவில் ஓடும் மோட்டார் போல ஆகிவிட்டது. நான்காம் நாளிலிருந்து மிளகு உள்ளே போனதும் கால்களை மடித்துப் படுக்கத் தொடங்கியது. மீசை முடிகளின் நுனியில் துளித்துளியாக நீர் கோத்து நிற்கும், அதை நாக்கால் நக்கிக்கொள்ளும். வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: குழாயின் நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். குட்டைக் குழாய் உள்ள கருவி வேறெதில் சிறந்ததாக இருந்தாலும் பூனைக்கு உதவாது.

4 மி.லி. சலைன் தீர 14 முதல் 16 நிமிடங்கள் ஆகின்றன. கடைசியில் கிண்ணத்தின் அடியில் ஏறத்தாழ 1 மி.லி. மிஞ்சும், புகை விட்டுவிட்டு வரத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்பியூல்களாகச் சலைன் வாங்குவதே நல்லது. பெரிய பாட்டிலைத் திறந்து ஒரு வாரம் வைத்திருந்தால் அதிலேயே கிருமி வளரும். நோயுற்ற நுரையீரலுக்குள் அதை நாமே ஊதி அனுப்பியவர்கள் ஆவோம். குடிநீர், காய்ச்சி ஆறிய நீர், வீட்டில் உப்புக் கரைத்த நீர் எதுவும் ஆகாது.

புகை வைத்து முடித்ததும் கையைக் கிண்ணம் போலக் குவித்து விலாவின் இரு பக்கமும் மெதுவாகத் தட்ட வேண்டும். ஈரத்தில் இளகிய சளி அசைந்து மேலே வர அது உதவும். உள்ளங்கை பட்டையாக விழுந்தால் ‘சத்’ என்று கேட்கும், வலிக்கும். சரியாகக் குவித்தால் ‘தொப் தொப்’ என்று ஆழ்ந்த ஒலி வரும். மிளகு அரை நிமிடம் பொறுத்துக்கொண்டது, அதற்கு மேல் உறுமியது, உறுமியதும் விட்டுவிட்டேன். மூச்சிரைப்பு அதிகமாக இருக்கும் நாட்களில் இதைச் செய்யவே கூடாது. ஒன்பதாம் நாள் தட்டி முடித்த சற்று நேரத்தில் அது முதன்முறையாக இருமி, எதையோ விழுங்கியது. அந்த இருமலைக் கேட்டு நான் பதறினேன். தொலைபேசியில் கேட்டபோது, அதுதான் நாம் எதிர்பார்த்தது என்றார் மருத்துவர்.

சுத்தம் செய்வது எளிது என்று பெட்டியில் சொல்லியிருப்பது ஓரளவு உண்மை. கிண்ணம் மூன்று பாகமாகக் கழன்று வருகிறது. ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி, சுத்தமான துணியின் மேல் கவிழ்த்துக் காய வைத்தேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை கையேட்டில் சொன்னபடி பத்து நிமிடம் கொதிநீரில் போட்டேன். ஈரத்தோடு மூடி வைத்தால் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதற்குள் குடியேறும். குழாயைக் கழுவக் கூடாது. கருவியை வெறுமனே இரண்டு நிமிடம் ஓட விட்டு உள்ளிருக்கும் ஈரத்தை உலர்த்த வேண்டும். கிண்ணத்தின் நடுவில் இருக்கும் சிறு கூம்பு, விரல் நகத்தளவுதான்; ஒரு முறை கழுவு தொட்டியின் ஓட்டைக்குள் போய் அதைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. உதிரிக் கூம்பு ஒன்றும் தராதது தயாரிப்பாளரின் தவறு.

தங்கையின் தோழியிடம் பேட்டரியில் இயங்கும் மெஷ் வகை நெபுலைசர் இருந்தது. மூன்று வேளைக்கு இரவல் வாங்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை, மின்சாரம் போனாலும் கவலையில்லை, உள்ளங்கையில் அடங்கும். அதன் தட்டில் உள்ள நுண்துளைகள் சலைனின் உப்பு காய்ந்து அடைத்துக்கொள்கின்றன. மூன்றாம் வேளையிலேயே புகை மெலிந்துவிட்டது. விலையும் ஏறத்தாழ இரு மடங்கு. சத்தத்தைத் தாங்கவே தாங்காத பூனைக்கு மெஷ் வகையே பொருந்தும். மற்றவர்களுக்கு, நாள்தோறும் இரண்டு வேளை வாரக்கணக்கில் ஓட்ட வேண்டியிருந்தால், கம்ப்ரஸர் வகைதான் நின்று உழைக்கிறது. அறையை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அதன் துளிகள் பெரியவை, நுரையீரலின் அடிவரை போவதில்லை.

மருந்துக் கடையில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நெபுலைசர் கேட்டதும், சலைனோடு சேர்த்துப் பியூடிசோனைடு ரெஸ்பியூல் (நெபுலைசரில் ஊற்றும் மருந்துக் குப்பி) ஒரு பட்டையையும் எடுத்து வைத்தார்கள். காய்ச்சல் இருந்தால் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் பியூடிசோனைடு ஒரு ஸ்டீராய்டு. பூனைக்கு ஆஸ்துமா இருந்தால் அது மருந்து. பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கும் நுரையீரலில் உடலின் எதிர்ப்பை அது தணித்துவிடும். பாராசிட்டமாலோ பூனைக்கு நேரடி நஞ்சு. ஒரே மாத்திரைகூட இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துக் கொன்றுவிடும். ஆஸ்துமாவும் நிமோனியாவும் வெளிப்பார்வைக்கு ஒரே இரைப்பாகத்தான் தெரிகின்றன. எக்ஸ்ரே எடுக்காமல் கிண்ணத்தில் எதை ஊற்றுவது என்று எவராலும் முடிவு செய்ய முடியாது. உள்ளூரில் அந்த வசதி இல்லாதவர்களுக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆன்டிபயாடிக்கையே நெபுலைசரில் ஊற்றிவிட்டால் நேராக நுரையீரலுக்குப் போகுமே என்று நானும் மருத்துவரிடம் கேட்டேன். ஜென்டாமைசின் போன்றவற்றை மருத்துவர்கள் சில வேளைகளில் அப்படிக் கொடுப்பதுண்டு என்றாலும், சீழ் நிறைந்த மடலுக்குள் காற்றே போகாதபோது துளி எப்படிப் போகும், இரத்தம் வழியாக வரும் மருந்துதான் அங்கே சேரும் என்று அவர் விளக்கினார். மிளகுக்குக் கொடுத்தது அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. போர்டடெல்லா, மைகோபிளாஸ்மா என்று சந்தேகம் இருந்தால் டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள். அந்த மாத்திரை உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும் என்பதால், விழுங்க வைத்த உடனே சில மி.லி. தண்ணீரோ கொஞ்சம் உணவோ உள்ளே போக வேண்டும். என்ரோஃப்ளாக்ஸசின் என்றால் நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மி.கி.க்கு மேல் போனால் பூனையின் பார்வையே போய்விடலாம். நெபுலைசர் இவற்றில் எதற்கும் மாற்று அல்ல. நான் வாங்கிய கருவியின் விற்பனைத் தாளில் ‘நிமோனியாவைக் குணப்படுத்தும்’ என்று இருந்தது, அது பொய். கெட்டியான சளியை ஈரமாக்கி வெளியேற வழி செய்வது மட்டுமே இதன் வேலை, அந்த வேலையை இது நன்றாகச் செய்கிறது.

எங்கள் குறிப்பேட்டில் உள்ளபடி, வீட்டுக்கு வந்த நாள் தூக்கத்தில் மூச்சு 38, ஆறாம் நாள் 30, பத்தாம் நாள் 24. இந்த இறக்கத்தில் எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு சலைனால் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் எட்டாம் நாள் பகல் முழுவதும் மின்தடை இருந்து காலை மாலை இரண்டு வேளையும் தவறியபோது, அன்றிரவு மூக்கின் ஓரத்தில் சளி காய்ந்து நின்றது, மத்தி மீனை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மறுநாள் காலை புகை வைத்த அரை மணி நேரத்தில் அதே மீனைத் தின்றது. பூனை மணம் தெரியாவிட்டால் உண்ணாது; சில நாள் உண்ணாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி நோயாக வளரும். அந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த விலை தகும் என்று நினைக்கிறேன்.

ஆன்டிபயாடிக்கை முன்பெல்லாம் ஆறு வாரம் வரை நீட்டுவது வழக்கம். நாய், பூனைகளின் மூச்சுப்பாதை நோய்களுக்காக 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி பரிசோதித்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யச் சொல்கிறது. எங்கள் மருத்துவரும் 14-ஆம் நாள் வரச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். பூனை நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தும் படத்தில் வெண்மை முழுக்க மறையவில்லை; படம் எப்போதும் பூனைக்குப் பின்னால்தான் வரும் என்று சொல்லி மாத்திரையை இன்னும் ஒரு வாரமும், நெபுலைசரை நான்கு நாளும் தொடரச் சொன்னார். 18-ஆம் நாள் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். காற்று வடிகட்டியின் வெள்ளைப் பஞ்சு அதற்குள் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. உதிரிப் பஞ்சு ஐந்து பெட்டியிலேயே இருக்கின்றன. பூச்சி மருந்தை இப்போது மாத்திரையாக வாங்கி, மீனுக்குள் மறைத்துக் கொடுக்கிறோம்.